இடையில் ஒரு கம்பி

இருவர் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமல் போனால், குற்றம் அவ்விருவரில் ஒருவர்மீது என்று முடிவு கட்டுவதே உலக வழக்கம். இருவருக்கும் இடையே உள்ள வழி அடைபட்டிருக்குமோ என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், தம் எழுபதாம் வயதைக் கடந்த பின், இந்த உண்மையைத் தம் வீட்டுக் குளிர்சாதனத்திடமிருந்து கற்றுக்கொண்டார். கற்பித்தவன் அவருடைய பழைய மாணவன்.

ஆசிரியர் வாழ்வது சுங்கை பூலோவில். மலாய் மொழியில் அப்பெயர் மூங்கிலாற்றைக் குறிக்கும். கோலாலம்பூருக்கு வடமேற்கே அமைந்த இவ்வூர், ஒரு காலத்தில் பச்சைப் போர்வை போர்த்திக் கிடந்தது. 1930-இல் தோன்றிய தொழுநோயாளர் குடியிருப்பும், அதன் அருகே பிற்காலத்தில் பெருகிய பூச்செடிப் பண்ணைகளும் ஊருக்குப் பெயர் தேடித் தந்தன. 1925-இல் நிறுவப்பெற்ற மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தன் சோதனைத் தோட்டத்தை இங்கேதான் வைத்திருந்தது. பால் மரங்களின் நிழலில் பிறந்து, அந்நிழலிலேயே பாலெடுத்து, அந்நிழலிலேயே கண்மூடிய தமிழர் பலர். இன்று அந்நிலத்தில் 2,000 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பு குவாசா டாமான்சாரா என்னும் புதுநகராக உருமாறி வருகின்றது. மரங்கள் நின்ற இடத்தில் சிமெண்டுச் சுவர்கள் நிற்கின்றன. நிழல் போன இடத்துக்குக் குளிர்சாதனம் வந்தது. குளிர்சாதனங்களைச் செய்யும் தொழிற்சாலையும் இவ்வூரிலேயே, புக்கிட் ரஹ்மான் புத்ரா தொழிற்பேட்டையில் இருக்கின்றது. அதை நடத்தி வந்த ஓ.ஒய்.எல். நிறுவனத்தை ஜப்பானின் டைக்கின் நிறுவனம் 2006-இல் வாங்கியது. ஆசிரியர் வீட்டுப் பொறி அங்கே செய்யப்பட்டதன்று. வேறெங்கோ பிறந்து, கடை வழியாக வந்து சேர்ந்தது.

குளிர்சாதனத்தை ஆடம்பரம் என்று எண்ணியவர் ஆசிரியர். தோட்டத்து லயத்தில், தகரக் கூரையின் கீழ்ப் பனையோலை விசிறியோடு வளர்ந்தவர்க்கு வேறெவ்வாறு தோன்றும்? ஆனால் அவருடைய துணைவியாரைப் பக்கவாதம் படுக்கையில் கிடத்தியபோது, அந்த எண்ணம் மாறிற்று. வலப்பக்கம் அசையாது. பேச்சும் குழறும். பிற்பகல் வெயில் மாடி அறையின் சுவரைச் சுட்டெடுக்கும் நேரத்தில், புரண்டு படுக்கவும் இயலாத உடம்பு வியர்வையில் நனைந்து, முதுகில் புண் காணத் தொடங்கிற்று. மருத்துவமனைச் செவிலி சொன்னதன்பேரில், ஆசிரியர் தம் சேமிப்பிலிருந்து ஒன்றரைக் குதிரைத்திறன் கொண்ட குளிர்சாதனம் ஒன்றை வாங்கி அறையில் பொருத்தினார். புண் ஆறியது. அம்மையார் உறங்கினார். அன்றிலிருந்து அப்பொறி அவ்வீட்டில் ஆடம்பரமாக இல்லை, மருந்தாக இருந்தது.

ஐந்தாம் ஆண்டில் அம்மருந்து தடைப்பட்டது. பொறி இயங்கும், ஐந்து நிமிடம் குளிரும், பிறகு முகப்பிலுள்ள சிறு விளக்கு கண் சிமிட்டும். காற்று மட்டும் வரும், குளிர் வராது. சில நாள் காலையில் நன்றாக இருந்து, பிற்பகலில் நின்றுவிடும். சில நாள் முழுவதும் ஒழுங்காக ஓடும். தொலையியக்கியின் பொத்தானை அழுத்திப் பார்த்தால் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் தோன்றும். பொறியோடு வந்த கையேட்டில் ஆசிரியர் அக்குறியைத் தேடிப் பிடித்தார். 'உள் இயந்திரத்துக்கும் வெளி இயந்திரத்துக்கும் இடையே தொடர்புப் பிழை' என்று பொருள் எழுதியிருந்தது.

பழுது பார்ப்பவர் ஒருவரை அழைத்தார்கள். வந்தவர் பத்து நிமிடம் இருந்தார். குறியைப் பார்த்தார், வெளி இயந்திரத்தின் மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்தார், முடிவைச் சொன்னார்: “வெளியில் இருக்கிற போர்டு போய்விட்டது. மாற்ற வேண்டும். 1,350 வெள்ளி. அதற்கும் சரியாகவில்லை என்றால் உள்ளே இருக்கிற போர்டையும் மாற்ற வேண்டியிருக்கும்.”

“போர்டுதான் போய்விட்டது என்று எப்படித் தெரியும்?” என்று கேட்டார் ஆசிரியர்.

“குறியே சொல்கிறதே!” என்றார் வந்தவர்.

குறி அவ்வாறு சொல்லவில்லை. 'பேச்சு நின்றுவிட்டது' என்று மட்டுமே அது சொல்லிற்று. 'யாரால் நின்றது' என்று சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் ஓர் ஓய்வூதியரின் 1,350 வெள்ளி தொங்கிக்கொண்டிருந்தது.

குளிர்சாதனம் பேசுமா என்ற ஐயம் எழுவது இயல்பே. பழைய பொறிகளுக்குப் பேச்சு தேவைப்படவில்லை. வில்லிஸ் கேரியர் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1902-இல் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக வகுத்த அமைப்பிலிருந்துதான் இன்றைய குளிரூட்டும் தொழில் வளர்ந்தது என்பர். அதற்குப் பின் வீடுகளுக்கு வந்த சன்னல் குளிர்சாதனம் ஒரே பெட்டி. வெப்பத்தை வாங்குவதும் வெளியே தள்ளுவதும் அப்பெட்டிக்குள்ளேயே நடந்தன. ஆனால் அதன் இரைச்சல் உறங்க விடாது. ஆகவே பெட்டியை இரண்டாகப் பிரித்தார்கள். அமைதியான பாதி அறைக்குள் தங்கிற்று. இரைச்சலிடும் பாதி வெளிச்சுவருக்குப் போயிற்று. குடும்பம் இரண்டானால் கடிதப் போக்குவரத்து வேண்டுமல்லவா? முதலில் வந்த பிரிந்த பொறிகளில் அப்போக்குவரத்து மிக எளியது. அறை சூடானால் உள்ளிருப்பது மின்சாரத்தை வெளியே அனுப்பும், குளிர்ந்தால் நிறுத்தும். அது பேச்சன்று, கதவைத் தட்டுவது போன்றது.

1980-களின் தொடக்கத்தில் ஜப்பானியர் வீடுகளுக்குக் கொண்டுவந்த 'இன்வெர்ட்டர்' வகை இந்நிலையை மாற்றிற்று. அதன் கம்ப்ரஸர் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை; தேவைக்கேற்ப விரைந்தும் தணிந்தும் ஓடும். மின்சாரம் மிச்சப்படுவது இதனால்தான். அவ்வாறு ஓட வேண்டுமானால், உள்ளும் வெளியும் இடைவிடாமல் உரையாடியாக வேண்டும். 'அறையில் இவ்வளவு சூடு. வேண்டியது இவ்வளவு குளிர்' என்று உள்ளிருப்பது சொல்லும். 'கேட்டேன், குழாயின் வெப்பம் இவ்வளவு, இந்த வேகத்தில் ஓடுகிறேன்' என்று வெளியிலிருப்பது மறுமொழி தரும். குறிப்பிட்ட நேரத்துக்குள் மறுமொழி வரவில்லையெனில் பொறி தானே நின்றுவிடும். இதைப் பிடிவாதம் என்று நினைப்பவர் உண்டு. அது பிடிவாதமன்று, பாதுகாப்பு. மறுபக்கம் என்ன நடக்கின்றது என்று அறியாமல் தொடர்ந்து ஓடுவது ஆபத்து என்று அதற்குக் கற்பித்திருக்கிறார்கள்.

இந்த உரையாடலுக்குரிய வழி, பெரும்பாலான வீட்டுப் பொறிகளில் ஒரே ஒரு செம்புக் கம்பிதான். இரு இயந்திரங்களுக்கும் இடையே ஓடும் உறையில் நான்கு கம்பிகள் இருக்கும். முதல் இரண்டும் மின்சாரத்தைச் சுமப்பவை. பச்சையும் மஞ்சளும் கலந்தது நிலத்தொடுப்பு. எஞ்சிய ஒன்றுதான் செய்தியைச் சுமப்பது. ஒன்று, இரண்டு, மூன்று என்று இரு முனைகளிலும் எண்கள் பொறித்திருக்கும். உள்ளே ஒன்றில் மாட்டியது வெளியேயும் ஒன்றில்தான் மாட்டப்பட வேண்டும். மின்விளக்கில் இரு கம்பிகள் இடம் மாறினாலும் விளக்கு எரியும். இங்கே இடம் மாறினால் பேச்சு நிற்கும். சில பொறிகளில் மின்பலகையே கருகிவிடும்.

இவையெல்லாம் ஆசிரியர் பின்னர் அறிந்தவை. அன்று அவர் அறிந்தது, 1,350 வெள்ளி என்னும் எண்ணை மட்டுமே. இரண்டு நாள் யோசித்தார். பக்கத்து வீட்டுக்காரர், “எதற்கும் இன்னொருவரைக் கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டுப் பொறியைப் பார்க்கும் தம்பி நிதானமானவர்” என்றார்.

மறுநாள் வாசலில் வந்து நின்றவனுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவன், ஆசிரியரைக் கண்டதும் கைகூப்பினான்.

“ஐயா, என்னைத் தெரிகிறதா? தோட்டத்துப் பள்ளியில் உங்களிடம் நாலாம் ஆண்டு படித்தேன்.”

ஆசிரியர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உற்று நோக்கினார். முகம் நினைவுக்கு வரவில்லை. பெயரைச் சொன்னவுடன் வந்தது. 1989-ஆம் ஆண்டு வகுப்பு, கடைசி வரிசை, சன்னலோரம். கேட்ட கேள்விக்கு ஒருநாளும் விடை சொல்லாத பையன். அந்த ஆண்டின் தேர்ச்சி அறிக்கையில், 'கவனமில்லை; படிப்பில் நாட்டமில்லை' என்று தாமே எழுதியதும் அவர் நினைவுக்கு வந்தது. அதை அவர் சொல்லவில்லை. “தெரிகிறது தம்பி, நன்றாக இருக்கிறாயா?” என்று மட்டும் கேட்டார்.

வந்தவன் கருவிப்பையைத் திறக்கவில்லை. நாற்காலியில் அமர்ந்து, கேள்விகள் கேட்டான். எப்போதிலிருந்து இப்படி? எந்த நேரத்தில் நிற்கிறது? இடி இடித்த பிறகா? வீட்டில் வேறு ஏதேனும் மின்வேலை நடந்ததா? கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 நாட்கள் இடி முழங்கும். மின்னல் தாக்கினால் இரு பலகைகளின் செய்திப் பகுதிகளும் ஒருசேரப் பழுதாவது உண்டு என்றான். ஆசிரியரால் திட்டமாக விடை சொல்ல இயலவில்லை. “சில நாள் ஓடுகிறது, சில நாள் நிற்கிறது” என்பதற்கு மேல் அவர் கவனித்ததில்லை.

அப்போது கட்டிலிலிருந்து ஒரு குரல் எழுந்தது. அம்மையார் ஏதோ சொல்ல முயன்றார். குழறிய அச்சொற்கள் ஆசிரியருக்கே சட்டென்று விளங்கவில்லை. “தண்ணீர் வேண்டுமா?” என்றார். அம்மையார் இல்லையென்று தலையசைத்தார். வந்தவன் எழுந்து கட்டிலருகே சென்று, குனிந்து, தன் வலக்காதை அவர் வாயருகே வைத்துப் பொறுமையாகக் கேட்டான். ஒருமுறை, இரண்டாம் முறை, மூன்றாம் முறை. பிறகு நிமிர்ந்து, “மழை பெய்த பிறகுதான் நிற்கிறது என்கிறார்கள். வெயில் தொடர்ந்து காய்ந்தால் ஓடுகிறதாம். மழை விட்டால் ஒரு நாள், ஒன்றரை நாள் வரைக்கும் கோளாறு இருக்கிறதாம்” என்றான்.

அறையிலேயே கிடப்பவர் அவர்தாம். பொறியின் ஒவ்வொரு மூச்சையும் ஐந்து ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருப்பவர் அவர்தாம். முன்பு வந்தவர் அவரைக் கேட்கவில்லை. ஆசிரியரும் கேட்கவில்லை.

அதன் பிறகே வேலை தொடங்கிற்று. முதலில் வெளிச்சுவரிலுள்ள சுவிட்சை அணைத்தான். அணைத்தவுடன் மூடியைத் திறக்கவில்லை. பத்து நிமிடம் காத்திருந்தான். வெளி இயந்திரத்தின் மின்பலகையில் உள்ள மின்தேக்கிகள், இணைப்பை அணைத்த பின்னும் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்சாரத்தைச் சிறிது நேரம் தம்முள் வைத்திருக்கும். அவசரப்பட்டவரை அது மன்னிக்காது. வீட்டுக்காரர் செய்யத்தக்கது, சுவிட்சை அணைத்துச் சில நிமிடம் பொறுத்து மீண்டும் போட்டுப் பார்ப்பதும், குறியைக் குறித்து வைப்பதுமே. மூடியைத் திறப்பது பயிற்சி பெற்றவர் வேலை என்று அவன் சொல்லிக்கொண்டே காத்திருந்தான்.

மூடி திறந்தது. இணைப்புத் திருகுகள் அமைந்த மூலையில் பல்லி முட்டைகள் இரண்டு ஒட்டியிருந்தன. எறும்புகள் மண் சேர்த்திருந்தன. “இதுதான் காரணமா?” என்று ஆவலோடு கேட்டார் ஆசிரியர். “இதுவும் காரணமாகலாம் ஐயா. பல்லி குறுக்கே விழுந்து எரிந்துபோன போர்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் பார்த்தவுடனே இதுதான் என்று சொல்லக் கூடாது” என்றான். தூரிகையால் துப்புரவாக்கினான். திருகுகளை ஒவ்வொன்றாக இறுக்கினான். எண்களையும் கம்பிகளின் நிறங்களையும் உள்ளே ஒருமுறையும் வெளியே ஒருமுறையும் ஒப்பிட்டான். எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. மின்சாரத்தைப் போட்டான். பொறி ஓடியது. ஏழாம் நிமிடம் விளக்கு கண் சிமிட்டியது. காரணம் எறும்பன்று.

வெளிப்பலகையில் ஒரு சிறு விளக்கு ஒழுங்காக மின்னிக்கொண்டிருந்தது. அவன் அதை ஆசிரியருக்குக் காட்டினான். அவ்விளக்கு அணைந்து கிடந்தால் பலகைக்கு மின்சாரம் வரவில்லை என்று பொருள். உருகி போயிருக்கலாம், விசிறியின் மோட்டாரோ, குளிரூட்டும் வாயுவின் அளவை மாற்றும் வால்வின் சுருளோ உள்ளே பழுதாகிப் பலகையின் மின்சாரத்தை விழுங்கியிருக்கலாம். அந்நிலையில் ஒவ்வொரு செருகியாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது விளக்கு உயிர் பெறுகின்றது என்று பார்ப்பது வழக்கம். பலகையின்மீது பழி போட்டுவிட்டு, குற்றம் செய்த மோட்டாரை அப்படியே விட்டால், புதுப் பலகையும் அதே வழியில் போகும். இங்கே விளக்கு எரிந்ததால் அந்தச் சோதனைக்குத் தேவை எழவில்லை.

பிறகு மல்டிமீட்டரை எடுத்தான். இரண்டாம் எண்ணுக்கும் மூன்றாம் எண்ணுக்கும் இடையே அதன் முனைகளை வைத்தான். திரையில் எண்கள் ஏறின, இறங்கின. மீண்டும் ஏறின, இறங்கின. “பேசிக்கொண்டிருக்கிறார்கள் ஐயா. எண் ஆடினால் பேச்சு நடக்கிறது என்று பொருள். எவ்வளவு ஆட வேண்டும் என்பது பொறிக்குப் பொறி மாறும். ஆடாமல் நின்றால் பேச்சு இல்லை” என்றான். சில நிமிடங்கள் சென்றன. எண் தடுமாறிற்று, ஒரே இடத்தில் நின்றது. விளக்கு கண் சிமிட்டியது. ஒருவன் பேசிக்கொண்டிருக்கையில் பாதியில் குரல் அடைபட்டதுபோல் இருந்தது அக்காட்சி.

மின்சாரத்தை மீண்டும் அணைத்துக் காத்திருந்து, கம்பிகளை இரு முனைகளிலும் கழற்றினான். இரு பலகைகளையும் விலக்கிவிட்டுக் கம்பிகளை மட்டும் சோதித்தான். ஒரு முனையில் இரண்டிரண்டாகச் சேர்த்து மறுமுனையில் தடையை அளந்தான். மின்சாரம் சுமக்கும் இரு கம்பிகளும் ஓர் ஓமுக்குக் குறைவான தடையையே காட்டின. பதினைந்து மீட்டர்ச் செம்புக்கு அதுவே முறை. செய்திக் கம்பியைச் சேர்த்து அளந்தபோது, எண் நூறு என்றது, ஆயிரம் என்றது, மேல்தளத்தின் பலகையைத் தட்டியபோது இணைப்பே இல்லை என்றது. பின்னர்க் காப்புறையைச் சோதிக்கும் கருவியால், கம்பிக்குக் கம்பி மின்கசிவு உண்டா என்றும் பார்த்தான். அக்கருவி 500 வோல்ட் செலுத்துவது. பலகைகளைக் கழற்றாமல் செலுத்தினால், நல்ல பலகையும் அதனால் கெடும். கசிவும் இருந்தது.

“ஐயா, இந்தக் கம்பி நடுவில் எங்கோ ஒட்டுப்போட்டதாக இருக்கிறது” என்றான்.

எனினும் அவன் மேல்தளத்தை உடனே உடைக்கவில்லை. பையிலிருந்து புதிய நாற்கம்பி உறை ஒன்றை எடுத்து, சன்னல் வழியாக வெளியே விட்டு, இரு இயந்திரங்களையும் நேரடியாக இணைத்தான். “இரவு முழுக்க ஓடட்டும். இதில் ஓடினால் இரண்டு போர்டும் நல்லவை. குற்றம் நடுவில். இதிலும் நின்றால், அப்போது போர்டைப் பற்றிப் பேசலாம்” என்று சொல்லிவிட்டுப் போனான். சன்னல் இடுக்கைத் துணியால் அடைத்து, கம்பியில் யாரும் கால் வைக்காதபடி ஆசிரியர் நாற்காலி ஒன்றைக் குறுக்கே போட்டார். அன்றிரவு நல்ல மழை. ஆசிரியர் உறங்கவில்லை, விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒருமுறையும் சிமிட்டவில்லை. விடியற்காலையில் அம்மையார் போர்வை கேட்டார்.

மறுநாள் மேல்தளத்தின் ஒரு பலகையைக் கழற்றியபோது உண்மை கைக்கு வந்தது. ஐந்து ஆண்டுக்கு முன் பொருத்தியவர்கள் கொண்டுவந்த கம்பி இரண்டு மீட்டர் குறைந்திருக்கின்றது. புதுக் கம்பி வாங்க மனமின்றி, துண்டுக் கம்பியை முறுக்கிச் சேர்த்து, கறுப்பு நாடாவைச் சுற்றி, மேல்தளத்துக்குள் மறைத்துவிட்டார்கள். அதற்கு நேர் மேலே ஓடு ஒன்று விரிந்திருந்தது. மழை சொட்டிச் சொட்டி நாடா நெகிழ்ந்து, செம்பு பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

“எல்லாக் கம்பியும்தானே நனைந்தது? அந்த ஒன்று மட்டும் ஏன் கெட்டது?” என்று வினவினார் ஆசிரியர்.

“மின்சாரக் கம்பியில் ஓட்டம் வலுவானது ஐயா. களிம்பு இருந்தாலும் துளைத்துக்கொண்டு போய்விடும். செய்திக் கம்பியில் போவது மெல்லியது. சின்ன அழுக்குக்கே நின்றுவிடும். ஆனால் இதையும் பாருங்கள்” என்று மின்சாரக் கம்பிகளின் ஒட்டைத் திருப்பிக் காட்டினான். நாடா பழுப்பேறி ஓரங்களில் கருகியிருந்தது. துளைத்துக்கொண்டு போன ஓட்டம் அவ்விடத்தைச் சூடேற்றிக்கொண்டே இருந்திருக்கின்றது. மெல்லிய கம்பி முதலில் முறையிடாமல் இருந்திருந்தால், வலிய கம்பிகள் ஒருநாள் மரச்சட்டத்தில் தீ வைத்திருக்கும். எழுந்து நடக்க இயலாத ஒருவர் அதன் கீழே படுத்திருந்தார். 1,350 வெள்ளி கொடுத்துப் பலகையை மாற்றி, வெயில் காலத்தில் சில நாள் ஓடுவதைக் கண்டு மகிழ்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணியபோது ஆசிரியருக்கு உள்ளங்கை வியர்த்தது.

ஒட்டில்லாத ஒரே நீளக் கம்பியைக் குழாய்க்குள் செலுத்தி, மற்ற மின்கம்பிகளோடு உராயாமல் தனி வழியாகக் கொண்டுபோய் இணைத்தான். ஓட்டையும் மாற்றச் செய்தான். கூலியும் கம்பியும் சேர்த்து 180 வெள்ளி என்றான். ஆசிரியர் 200 வெள்ளியை நீட்ட, மீதியை எண்ணித் தந்தான்.

வேலை முடிந்து தேநீர் பருகுகையில், ஆசிரியர் ஒன்றைக் கவனித்தார். இரண்டு நாளும் அவன் எதைக் கேட்டாலும் தலையை இடப்பக்கம் திருப்பி, வலக்காதையே முன்னால் நீட்டினான். கம்ப்ரஸரின் ஓசையைக் கேட்டதும் அவ்வாறே. அம்மையாரின் பேச்சைக் கேட்டதும் அவ்வாறே.

“அந்தக் காதில் என்ன தம்பி?” என்றார்.

“இடக்காது கேட்காது ஐயா. சின்ன வயதில் இரண்டு காதிலும் சீழ் வடியும். அம்மா வேப்பெண்ணெய் ஊற்றுவார்கள். பதின்மூன்று வயதில்தான் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். வலக்காது தப்பித்தது. இது போய்விட்டது.”

“பள்ளியில் படித்தபோது?”

“அப்போது இரண்டும் மந்தம். முன் வரிசையில் உட்கார்ந்தால் கொஞ்சம் கேட்கும். கடைசி வரிசைக்கு ஒன்றுமே எட்டாது. நீங்கள் வாய் அசைப்பது மட்டும் தெரியும்.” அவன் சிரித்தான். குறை சொல்லும் சிரிப்பன்று அது. நேற்றைய மழையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னான்.

ஆசிரியர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். அன்று அவர் கற்பித்தது நல்ல பாடமே. எதிரே இருந்த பையனின் அறிவும் நல்ல அறிவே. பழுதான கம்பியைப் பத்து வகையாகச் சோதித்து, ஒவ்வொன்றாக விலக்கி, உண்மையைக் கண்டெடுத்த அறிவு அல்லவா அது? இடையிலிருந்த வழிதான் அடைபட்டிருந்தது. அதைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: 'நான் சொல்வது உனக்குக் கேட்கிறதா?' ஓர் ஆண்டு முழுவதும் அக்கேள்வியைக் கேட்காமல், இரண்டு சொற்றொடர்களில் அவர் தீர்ப்பு எழுதினார். பத்து நிமிடத்தில் பலகையைக் குற்றம் சாட்டிய அந்தப் பழுது பார்ப்பவர்மீது மூன்று நாளாக அவர் கொண்டிருந்த கோபம், அப்போது அவரை விட்டு நீங்கிற்று. நீங்கியது அவரிடமே திரும்பி வந்தது.

“நான் கேட்டிருக்க வேண்டும் தம்பி” என்றார். குரல் தாழ்ந்திருந்ததால் அது அவனுக்கு எட்டவில்லை. “என்ன ஐயா?” என்று வலக்காதைத் திருப்பினான். ஆசிரியர் எழுந்து, அவன் வலப்பக்கத்து நாற்காலியில் வந்து அமர்ந்து, அதையே மீண்டும் உரக்கச் சொன்னார். அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அது போகட்டும் ஐயா. மழைக்காலத்தில் ஒருமுறை ஓட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி விடைபெற்றான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆசிரியர் வீட்டுக் கூடத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பத்துப் பன்னிருவர் தமிழ் படிக்க வருவதுண்டு. அடுத்த ஞாயிறு பாடம் தொடங்குமுன், அவர் அவர்களுக்கு முதுகு காட்டி நின்று, மெல்லிய குரலில் ஒவ்வொருவர் பெயரையும் சொன்னார். கேட்டவர்கள் கை உயர்த்த வேண்டும். பிள்ளைகள் அதை விளையாட்டென்று எண்ணிச் சிரித்தார்கள். சுவரோரம் அமர்ந்திருந்த ஒரு சிறுமி மட்டும் தன் பெயருக்குக் கை உயர்த்தவில்லை. ஆசிரியர் மீண்டும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு அவளை எழுப்பி, தம் அருகே முதல் வரிசையில் அமர்த்தினார். மாலையில் அவளை அழைத்துப்போக வந்த தாயிடம், காதை மருத்துவரிடம் ஒருமுறை காட்டும்படி சொன்னார்.

மாடியில் பொறி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே மழை பெய்தது.